டி செல்லுக்கு இரண்டு கையெழுத்து!

சில கம்பெனி செக்குகளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பாங்கில் பணம் தருவார்கள். நம் ரத்தத்தில் சுற்றும் டி செல்லும் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) இப்படித்தான் வேலை செய்கிறது.

கிருமியின் துணுக்கை இன்னொரு செல் தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. என்ற மூலக்கூறில் வைத்துக் காட்டும். டி செல்லின் ஏற்பி அதில் பொருந்தினால் முதல் கையெழுத்து. காட்டிய செல்லின் பி7 மூலக்கூறு டி செல்லின் சிடி28-உடன் சேர்ந்தால் இரண்டாவது. இரண்டும் விழுந்தால்தான் புதிய டி செல் முழுமூச்சாகச் சண்டைக்குக் கிளம்பும்.

2006 மார்ச்சில் லண்டனில் பரிசோதித்த டிஜிஎன்1412 என்ற மருந்து, சிடி28-ஐ மட்டும் பிடித்தே டி செல்லைக் கிளப்பிவிடும். முதல் கையெழுத்தே தேவையில்லை! தலா 2000 பவுண்டு சம்பளத்துக்கு வந்த ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு அதை ஏற்றினார்கள். குரங்குக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-ல் ஒரு பங்குதான். ஆனாலும் 90 நிமிடத்தில் ஆறு பேரும் சுருண்டார்கள். உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களை இழந்தார்.

"குரங்குக்கு ஒன்றும் ஆகவில்லையே, யாருக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். நியாயம்தான். அந்தக் குரங்கு இனத்தில், மனிதரிடம் வெறியாட்டம் ஆடிய அதே வகை நினைவு டி செல்களில் சிடி28 இல்லை என்பது 2010-ல்தான் வெளியானது. தெரியாததற்குக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த ஆளுக்கு ஏற்றியதற்கு என்ன சமாதானம்? முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று முழுசாகத் தெரிவதற்குள் ஆறு பேருக்கும் ஏற்றியாகிவிட்டது. ஒரே ஒரு நாள் காத்திருந்தால் ஐந்து பேர் தப்பியிருப்பார்கள்...

கணக்குப் போட்டுப் பாருங்கள். காத்திருந்தால் சில நாள் செலவு கூடியிருக்கும். காத்திருக்காததால் ஆறு பேர் சாவின் விளிம்புக்குப் போனார்கள். மருந்தை உருவாக்கிய ஜெர்மன் கம்பெனி டெஜெனெரோ அதே ஆண்டில் திவாலானது. 2007-ல் ஐரோப்பிய மருந்து முகமை, புது மருந்தை மனிதருக்கு முதன்முதலாகத் தரும்போது ஆளுக்கு ஆள் போதிய இடைவெளி வேண்டும் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இது சாதாரண புத்திக்கு எட்டியிருக்க வேண்டாமா?

புது மருந்து சீக்கிரம் வர வேண்டும் என்று அவசரப்படுவதில் தப்பில்லை. அந்த அவசரத்தில் மிச்சமாவது யாருடைய நேரம், போவது யாருடைய உயிர் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு செல்லை அவிழ்த்துவிடவே உடம்பு இரண்டு கையெழுத்துக் கேட்கிறது. ஆறு மனிதர்களுக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.