தீயின்றித் திறந்த கதவு

தில்லை என்றதும் பொன்னம்பலம் நினைவுக்கு வரும். நந்தனும் நினைவுக்கு வருவான். தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவனுக்கு வழி கிடைத்ததாம் — புராணம் புகலுகிறது. உழைத்தவனுக்கு நெருப்பு, உண்டு களித்தவனுக்கு நேர்வழி!

அதே சிதம்பரத்தில், 1916-இல், நந்தனார் பெயராலேயே ஒரு கதவு திறந்தது. ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென நிறுவிய பள்ளி அது. அக்கதவு நெருப்புக் கேட்கவில்லை; ஏடு கொடுத்தது, எழுத்துக் கொடுத்தது. அவ்வூரில் மீனாட்சிக் கல்லூரி எழுந்தது 1920-இல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல். சேரிப் பிள்ளையின் பள்ளியோ இரண்டுக்கும் மூத்தது!

சட்டமன்றத்திலும் தம் மக்களுக்காக வாதாடிய சகஜானந்தர் 1959-இல் மறைந்தார். பள்ளி மறையவில்லை, அரசு மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நிற்கிறது.

தோழர்களே! அரசுப் பள்ளி என்றால் அனைவர் பள்ளி. ‘அது அவர்கள் பள்ளி’ என்று ஊர் ஒதுங்குமானால், கோயில் வாயிலில் தகர்ந்த சுவர் பள்ளி வாயிலில் மீண்டும் எழுந்ததாகாதா? மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, சொந்தப் பிள்ளையை வேறிடம் அனுப்புவது எவ்வகைக் கொள்கை?

நந்தனுக்கு மாலை சூட்டுவது எளிது. அவன் பெயர் தாங்கிய வகுப்பறையில், சேரிப் பிள்ளையின் அருகில், நம் பிள்ளையை அமரவைப்போம். அதுவே அவனுக்குச் செய்யும் மரியாதை!