மூளைக்குள் ஒரு காயலான் கடை

பார்க்கின்சன் நோய் வந்தவர் வீட்டு மருந்துப் பெட்டியில், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளோடு டாக்டர் எழுதாத ஒரு டப்பாவும் இருப்பது உண்டு. கோ-என்சைம் க்யூ-10. யாரோ உறவினர் "செல்லுக்கு எனர்ஜி கொடுக்கும்" என்று சொல்லி வாங்க வைத்தது. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் லாஜிக் இதுதான்: இந்த நோயில் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லின் பவர் ஹவுஸ் (பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த வரி!), ஆகவே பவரை ஏற்றினால் நோய் அடங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பலிக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. அமெரிக்கா, கனடாவில் 600 நோயாளிகளை வைத்து, தினமும் 2400 மில்லிகிராம் வரை க்யூ-10 கொடுத்துப் பார்த்தார்கள். பயன் எதுவும் தெரிகிற வழியில்லை என்று 2011ல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே எனர்ஜி கணக்கில் கிரியேட்டினை 1741 பேரிடம் சோதித்தார்கள். 2013ல் அதற்கும் அதே கதி.

உடைந்த மெஷினுக்குக் கூடுதலாக டீசல் ஊற்றினால் உற்பத்தி கூடாது, புகைதான் கூடும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். எனர்ஜி குறைவாகத் தருவதோடு, செல்லையே அரிக்கும் வேதிப்பொருட்களையும் கசியவிடுகிறது. எந்தத் தொழிற்சாலையிலும் தேய்ந்துபோன மெஷினை ஒரு கட்டத்தில் கணக்கிலிருந்து எழுதித் தள்ளி, காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். செல்லிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆராய்ச்சியின் கவனமும் பணமும் எனர்ஜி மாத்திரையை விட்டுவிட்டு இந்தக் காயலான் கடைப் பக்கம் போக வேண்டும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது தெரியவந்ததே ஒரு விபத்தில்தான். 1982ல் கலிஃபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார்கள். பார்த்தால் முற்றிய பார்க்கின்சன்! வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் டாக்டர் துப்பறிந்ததில், போலி ஹெராயினில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் போய் வேறு பொருளாக மாறி, டோபமைன் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கிப் போடுகிறது.

அடுத்த துப்பு பரம்பரையில் கிடைத்தது. இளவயதிலேயே பார்க்கின்சன் வந்த குடும்பங்களை ஆராய்ந்து 1998ல் ஜப்பானியர்கள் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் பார்க்கின். 2004ல் பிங்க்-1 என்ற இன்னொன்று. இரண்டும் ஒரே வேலையில் கூட்டாளிகள் என்று 2006ல் பழ ஈக்கள் காட்டிக் கொடுத்தன. 2008ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல், டெரெக் நரேந்திரா குழுவினர், பார்க்கின் புரதம் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார்கள். அப்படி ஒட்டியதைச் செல் விழுங்கிவிடுகிறது.

வேலை நடக்கும் விதம் ரசிக்கத்தக்கது. மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருக்கும்வரை பிங்க்-1ஐ உள்ளே இழுத்து வெட்டி, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பழுதானால் உள்ளே இழுக்கத் தெம்பு இருக்காது. பிங்க்-1 வெளிச்சுவரிலேயே குவியும். அந்தக் குவியல்தான் சிக்னல். அது பார்க்கினை வரவழைக்க, பார்க்கின் வந்து யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதங்களை 'கழிவு' ஸ்டிக்கர் மாதிரி வரிசையாக ஒட்டும். பிறகு ஒரு சவ்வுப் பை வந்து மூடி, லைசோசோமுக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிடும். மெஷின் தானே தன் ரிப்பேரை அறிவிக்கிற மாதிரி ஏற்பாடு!

டோபமைன் செல் மட்டும் ஏன் முதலில் சாகிறது? ஒரு காரணம் அதன் விரிவு. எலியிலேயே இந்த வகைச் செல் ஒன்றுக்கு லட்சத்துக்கும் மேல் இணைப்புகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு கிளைகளுக்கும் மின்சாரம் போக வேண்டும். அங்கே ஸ்கிராப் தேங்கினால் முதல் அடி அதற்குத்தான்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, லேசானதல்ல. பிங்க்-1 இல்லாமல் வளர்த்த எலிகள் பெரும்பாலும் நன்றாகவே ஓடியாடுகின்றன, டோபமைன் செல்கள் சாவதில்லை. 2018ல் வந்த ஆய்வுகளோ, எலியின் உடம்பில் அன்றாடம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியா சுத்திகரிப்பு பெரும்பாலும் பிங்க்-1 துணையில்லாமலே நடக்கிறது என்று காட்டின. அதாவது இது தினசரி குப்பை வண்டி அல்ல, நெருக்கடி நேரத்துக்கான ஏற்பாடாக இருக்கலாம். பார்க்கின் மரபணு கெட்டவர்கள் பலருடைய மூளையில், வழக்கமான பார்க்கின்சனின் அடையாளமான லூயி உருண்டைகளும் இருப்பதில்லை. ஆக, பார்க்கின்சன் என்ற ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே பல நோய்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே எல்லா நோயாளிகளையும் ஒரே கூடையில் போட்டுச் சோதிக்கும் பழக்கத்தை விட வேண்டும். 2023ல் ஆப்வி கம்பெனி, பிங்க்-1ஐத் தூண்டும் மருந்துக்காக மைட்டோகைனின் என்ற சிறு கம்பெனியை விலைக்கு வாங்கியது. ஸ்டிக்கரைப் பிய்த்தெறியும் யூஎஸ்பி-30 என்ற என்சைமைத் தடுக்கும் மருந்துகளும் உருவாகி வருகின்றன. இவற்றை முதலில் பிங்க்-1, பார்க்கின் பழுது உறுதியானவர்களிடம் சோதிக்கலாம். அதிலும் ஒரு நுணுக்கம்: பிங்க்-1 அடியோடு இல்லாதவருக்கு அதைத் தூண்டும் மருந்து எதற்கு? யாருக்கு எந்தப் பழுது என்று பார்த்துத்தான் மருந்து.

இவர்கள் எண்ணிக்கை குறைவு, கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். ஒரு வருட லாப நஷ்டக் கணக்கில் அது சரிதான். ஆனால் பழுது நிச்சயமாகத் தெரிந்த இடத்திலேயே மருந்து தோற்றால், ஆயிரம் பேரை வைத்துச் செய்யும் அடுத்த சோதனையின் செலவு மிச்சம். ஜெயித்தால் மற்றவர்களிடம் தைரியமாகப் போகலாம். க்யூ-10 விஷயத்தில் இந்த வரிசையில் போகவில்லை.

இன்னொன்று கால அளவு. பார்க்கின் பழுதானவர்களுக்கு நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே வந்து, மிக மெதுவாகத்தான் முற்றுகிறது. ஒன்றரை வருடத்தில் முடித்துவிடும் சோதனையில் மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். நான்கைந்து வருடமாவது பின்தொடர ஆள், பணம், பொறுமை மூன்றும் வேண்டும். மருந்து கைக்கு வந்தபிறகு இவர்களைத் தேடி ஓடாமல், மரபணுப் பரிசோதனை செய்து இப்போதே பட்டியல் போட்டு வைக்கலாமே.