அடி தட்டுதா? ரப்பரை நம்பாதீங்க!

கருக்களாச்சேரி மாதிரி காரைக்கால் கடலோரக் கிராமங்களில் கார் வைத்திருப்பவருக்கு மைலேஜை விடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. அஞ்சு பேர் ஏறி, டிக்கியில் சாமானையும் வைத்துத் திருநள்ளாறுக்குக் கிளம்பினால், முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே கீழே 'கர்ர்ர்'!

உடனே கிடைக்கும் யோசனை: ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே ரப்பர் துண்டு சொருகு, இல்லையென்றால் உயரமான ஸ்பிரிங் போடு. செலவும் கம்மி, வண்டியும் 'கும்'முனு நிற்கும். ஆனால் பல வண்டிகளுக்கு இது தப்பான வைத்தியம். வியாதியே வேறு!

ஸ்பிரிங்கின் வேலை பாரத்தைத் தாங்குவது. குலுங்க ஆரம்பித்த வண்டியை அடக்குவது ஷாக் அப்சர்பரின் வேலை. ஷாக் செத்துப்போனால், நிற்கும்போது உயரம் சரியாகவே இருக்கும். ஓடும்போது பள்ளத்தில் அளவுக்கு மீறி அமுங்கி அடி தட்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் நிற்கும்போதே வண்டி உட்கார்ந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையிலும் அளக்க வேண்டும். ஒரே அச்சில் இடம், வலம் நிறைய வித்தியாசப்பட்டால் ஸ்பிரிங் மேல் சந்தேகம். அளவு சரியா? ஒவ்வொரு மூலையாக அமுக்கி விடுங்கள். ஒரு துள்ளலில் அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக்கில் எண்ணெய் வழிந்தாலோ, மாற்ற வேண்டியது அதைத்தான்.

ரப்பர் என்ன செய்கிறது? சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் முடக்குகிறது. மிச்சச் சுற்றுகள் அதிக பாரம் சுமக்கின்றன, ஸ்பிரிங் விறைக்கிறது. உப்புக் காற்று அடிக்கும் ஊரில், ரப்பர் உரசிப் பெயின்ட் போன இடத்தில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். முறிந்தால் அங்கேதான் முறியும்.

தடித்த ஸ்பிரிங்கும் லேசுப்பட்டதல்ல. விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பி 13 மி.மீ. ஆனாலே, மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது. டயர் ரோட்டை விட்டு எழும்பும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். உயர்த்திய வண்டியில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வீல் அலைன்மென்ட் மாறும். பின்சீட்டில் உட்காரும் பாட்டியின் இடுப்பு கதை தனி :-)

"அம்பாசடர் அப்படி இல்லையே?" என்பார்கள். அதன் பின்பக்கம் இருந்தது பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே கொஞ்சம் குலுங்கலை விழுங்கிவிடும். சுருள் ஸ்பிரிங்குக்கு அந்த வசதி இல்லை, முழுக்க ஷாக்கை நம்பித்தான் பிழைப்பு. 2014-ல் தயாரிப்பு நின்ற வண்டியின் கணக்கு இன்றைய காருக்குச் செல்லாது.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஸ்பீடு பிரேக்கர் மேலும் தப்பு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். தெருவில் கிடப்பதோ பல இடங்களில் குறுகிய கரடு. அதற்காக அதை எடுத்துவிடச் சொல்ல முடியாது, பிள்ளைகள் நடக்கும் ரோடு. முறையான அளவில் போடச் சொல்லலாமே! எல்லோரும் தங்கள் காரை உயர்த்திக்கொண்டால் அதைக் கேட்க ஆளே இருக்காது.

காசு செலவாகும் வரிசை இப்படி இருக்கட்டும்: டயர் காற்று, புஷ், அப்புறம் ஷாக், ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து. கடைசியில்தான் ஸ்பிரிங், அதுவும் கம்பெனி குறித்த அதே பார்ட் நம்பரில். ரப்பரில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் லாபம் இல்லை, கடன். வட்டியை டயரும் முதுகும் கட்டும்.