சாமி கண்ணைக் கொடுத்துடுச்சு... சாய்தளத்தை யார் கொடுக்கறது?

காணிப்பாக்கம் கதை சித்தூர்க்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்காக ஒரு வாட்டி. அண்ணன் தம்பி மூணு பேர். ஒருத்தருக்குக் கண் தெரியாது, ஒருத்தருக்குக் காது கேட்காது, ஒருத்தருக்குப் பேச்சு வராது. கிணறு வத்திப்போச்சுன்னு தோண்டினாங்க. கடப்பாரை கல்லுல பட்டு ரத்தம் பீறிட்டுது. பார்த்தா பிள்ளையார்! மூணு பேர் குறையும் தீர்ந்தது. பக்கத்துல ஓடற பாஹுதா நதிக்கும் வெட்டுப்பட்ட கை திரும்ப வந்த கதைதான்.

ஒண்ணு கவனிச்சீங்களா? குறை தீர்றதுக்கு முன்னாடியே மூணு பேரும் நிலத்துல பாடுபட்டு, கிணத்துல இறங்கி வேலை செஞ்சிருக்காங்க. அதை நாம பேசறதே இல்லை. அற்புதம் மட்டும்தான் நமக்கு வேணும்.

போன தடவை ஊருக்குப் போனப்போ, அந்தப் பக்கத்துல மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்குப் போனேன். (பேர் வேண்டாம்.) வருஷா வருஷம் பணம் அனுப்பற இடம். கூட என் பெரியம்மா பையன். சக்கர நாற்காலியில இருக்கற அண்ணன், கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் வேணும்னாங்கன்னு வந்தார். வாசல்ல மூணு படி. நாற்காலி நுழையாத கழிப்பறைக் கதவு. ரெண்டு பேர் அண்ணனை மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே வச்சாங்க. அவர் முகத்தை நான் பார்க்கல, பார்க்க முடியல.

நிர்வாகிகிட்டே கேட்டேன். "சார், நாங்க சேவை பண்றோம். எங்ககிட்டே வந்து சட்டம் பேசறீங்களே" என்றார்.

பேசணும் சார். 1995 சட்டத்துல "பொருளாதார வசதிக்கு உட்பட்டு"ன்னு நழுவ ஓட்டை இருந்தது. 2016 சட்டம் அப்படி இல்லை. பொதுக்கட்டடம்னா அரசாங்கமோ தனியாரோ, மக்கள் வந்துபோற எல்லாம்தான். படிப்பு, வேலை, மதம் எல்லாமே அதுல வருது. (நான் இருக்கற அமெரிக்காவுல 1990 சட்டம் வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கு. காகிதத்துல நாமதான் முன்னாடி!) விதிகள் வந்தது 2017 ஜூன்ல. பழைய கட்டடங்களுக்கு அஞ்சு வருஷ அவகாசம். அது 2022லயே முடிஞ்சாச்சு.

அரசாங்கமும் யோக்கியமில்லை. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம், விதிகளை வெறும் பரிந்துரை மாதிரி எழுதி வச்சா எப்படின்னு கேட்டு, கட்டாய விதிகளை மூணு மாசத்துல கொண்டுவரச் சொல்லிச்சு. சட்டத்தை மீறினா முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். வாசல்ல பேர் எழுதின வளைவுக்கே அதைவிட ஆகும்.

சின்ன அமைப்பு, பணத்துக்கு எங்கே போகும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா வளைவுக்குப் பணம் வந்ததே? கிரானைட் பலகைக்கு வந்ததே? கொடுத்தது யார்? என்னை மாதிரி டாலர்க்காரங்க. அந்தப் பள்ளியில குடிதண்ணி மெஷின் மேல எங்கப்பா பேர் இருக்கு. நாலு வருஷமா அதோட போட்டோவைப் பார்த்துப் பூரிச்சிருக்கேன். படி எத்தனைன்னு ஒரு நாள் கேட்டதில்லை. இரக்கத்துக்கு ரசீது வாங்கிக்கிட்டோம், அவ்வளவுதான்.

இந்த வருஷம் சாய்தளத்துக்கு மட்டும்தான் பணம்னு எழுதிட்டேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அது இல்லாம பைக் ஏத்தற மாதிரிச் செங்குத்தா போட்டா நாற்காலி கவுந்துடும். மூணு படி ஒன்றரை அடின்னா பதினெட்டு அடி வேணும். முன்பக்கம் தெருவே வந்துடுதாம். பக்கச் சுவர் ஓரமாத் திருப்பலாம்னு கொத்தனார் சொல்றார். அங்கேதான் நிர்வாகிகளோட பைக்கெல்லாம் நிக்குது. எடுக்கறாங்களா பார்ப்போம். அண்ணன் இன்னும் அந்த வேலைக்குப் போகல.