தூய என்றால் ஆகாதோ?

ஆங்கிலத்தில் ‘ஃகோலி’ என்றொரு பெயரடை உண்டு. (கிரந்த எழுத்தை யான் தொடுவதில்லையாதலின் ஆய்தமிட்டு எழுதுகின்றேன்; ஆங்கிலம் வல்லார் பொறுத்துக்கொள்க.) இறைவனுக்கும் மறைநூலுக்கும் வழிபாட்டிடத்திற்கும் அடையாக வருவது அது. அதற்கு நேராக நம்மவர் ‘பரிசுத்த’, ‘பவித்திர’, ‘புனித’ என வடசொற்களையே அடுக்குவர். ‘தூய’ என்றெழுதினால் என்ன குறை என உடனாசிரியர் ஒருவரை ஒருகால் வினவினேன். “ஐயா, தூய என்பது துவைத்த வேட்டிக்குச் சொல்வது, கடவுளுக்குச் சொன்னால் எடுப்பாயிராது” என்றார். அவரும் தமிழாசிரியரே.

எடுப்பான அவ்வாங்கிலச் சொல் எங்கிருந்து பிறந்தது? பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃகாலிக்’. அதன் வேருக்கு ஊறுபடாத, முழுமையான, நோயற்ற என்பனவே பொருள். முழுமையைச் சுட்டும் ‘ஃகோல்’, உடல்நலத்தைச் சுட்டும் ‘ஃகெல்த்’, புண் ஆறுதலைச் சுட்டும் ‘ஃகீல்’ ஆகிய யாவும் அதன் உடன்பிறப்புகள். நம் பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்க்கும் ‘ஃகாலிடே’ என்பதும் தூயநாள் என்பதே. ஆக, நோயில்லாத உடம்பைச் சொன்ன வேரிலிருந்தே ஆங்கிலேயன் தன் இறைவனுக்கு அடைமொழி கண்டான்.

கி.பி. 597-இல் உரோமையிலிருந்து அகுசுத்தீன் தலைமையில் துறவியர் கெந்து நாட்டிற்கு வந்தபோது, அவர்தம் வழிபாட்டு மொழி இலத்தீன். ‘சாங்க்துசு’ என்னும் அவர் சொல்லை அப்படியே விழுங்கியிருக்கலாம். ஆங்கிலர் அது செய்திலர். தூய ஆவியைத் தம் சொல்லாலேயே ‘ஃகாலிக் காசுத்து’ என்றனர். ‘எவாங்கெலியும்’ என்பதைக் ‘கோட்சுபெல்’, அஃதாவது நற்செய்தி, என மொழிபெயர்த்தனர். 1066-இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. ‘செயிண்டு’ வந்தது, ‘சேக்ரெட்’ வந்தது. ஆயினும் மறைநூலின் மேலட்டையில் இன்றும் நிற்பது பழைய ‘ஃகோலி’யே. வியப்பிலும் எரிச்சலிலும் பசுவையும் புகையையும் அச்சொல்லோடு கூட்டிக் கூவுகின்றனர்; தன்னையே தூயனாகக் காட்டிக்கொள்வானை அச்சொல்லாலேயே எள்ளுகின்றனர். நாள்தோறும் நாவில் புழங்குவதால் அதன் பெருமை குன்றிற்றா? இல்லையே!

இங்கு நடந்ததோ வேறு. போர்த்துக்கீசர்வழி வந்த ‘இசுபிரீத்து சாந்து’ என்னும் தொடரைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் ஓதினர். அடியார் பெயர்க்கு முன் ‘அர்ச்சியசிட்ட’ என்னும் பல்லுடைக்கும் வடசொல் வேறு! 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீர்திருத்தச் சபையார் வழியிலும் பரிசுத்தமும் சுவிசேடமுமே வேரூன்றின. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘திருவிவிலியம்’ எனப் பெயர் பூண்டு, ‘தூய ஆவி’ என்றும் ‘நற்செய்தி’ என்றும் எழுதியது. ஆங்கிலர் ஆயிரமாண்டுக்கு முன்னரே செய்ததை நாம் அன்றுதான் செய்தோம், செய்தமட்டில் மகிழ்ச்சியே. அடியாரைப் ‘புனிதர்’ என்பதை மட்டும் கத்தோலிக்கர் இன்னும் விட்டிலர். ‘தூயர்’ என்றால் வானம் இடிந்து வீழாது. பாளையங்கோட்டையில் மக்கள் ஊசிக்கோபுரம் என வழங்கும் கோயிலின் பெயர் தூய திரித்துவப் பேராலயம். (‘திரித்துவம்’ என்பதை மும்மை என்றாக்குவது அடுத்த வேலை.) அவ்வழியே போவார் எவரும் வேட்டியை நினைப்பதில்லை.

வேட்டிக்கும் கடவுளுக்கும் ஒரே சொல்லா என்னும் தடைக்கு விடை வள்ளுவரிடமே உள்ளது. வாய்மை அதிகாரத்துக் குறள் ஒன்றில், நீராற் பெறும் உடல் தூய்மையையும் வாய்மையாற் பெறும் உளத் தூய்மையையும் அவர் ஒரே சொல்லாற் குறித்தார். உயர்ந்ததற்கென வேறொரு சொல்லைக் கடன் வாங்கினாரல்லர். அக்குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவர்தாம் என் நண்பர். அதனை எடுத்துக்காட்டியபோது சற்றே வாளாவிருந்தார். பின்னர், “பழகவில்லை, அவ்வளவுதான்” என்றார். அன்று மாலை கரும்பலகையில் அவர் எழுதிப்போட்டிருந்த மறுநாள் அறிவிப்பைக் கண்டேன்: ‘வகுப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கவும்.’ சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு சொல்லை மட்டும் திருத்திவிட்டு வீடு திரும்பினேன்.