திரையில் வராத அதிகாரம்



நம்மில் அநேகர் திரையரங்கின் படி ஏறாத வீடுகளில் வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒரு படத்தை மட்டும் நம்முடைய மூப்பர்களே நமக்குக் காட்டினார்கள். ஊர் மந்தையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, ஜெனரேட்டர் ஓட, மண்ணில் உட்கார்ந்து நாம் பார்த்த 'இயேசு' படமே அது.

அதன் சரித்திரத்தைச் சற்று அறிந்துகொள்ளுங்கள். பில் பிரைட் என்னும் ஊழியரின் பாரத்தினால், ஜான் ஹேமன் என்பவர் தயாரித்து, 1979-ம் ஆண்டு அது வெளிவந்தது. இஸ்ரவேல் தேசத்திலேயே படம் பிடிக்கப்பட்டது. நான்கு சுவிசேஷங்களையும் கலக்காமல், லூக்கா எழுதின சுவிசேஷத்தை மாத்திரமே ஆதாரமாகக் கொண்டது. இன்றைக்குத் தமிழ் உட்பட 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது பேசுகிறது. அதிக மொழிகளில் மாற்றப்பட்ட திரைப்படம் அதுவே.

நம்முடைய தேசத்திலும் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1978-ல், 'கருணாமயுடு' என்ற தெலுங்குப் படம் வந்தது. 'பாசமலர்' படத்தை இயக்கிய ஏ. பீம்சிங் அதையும் இயக்கினார். ஆண்டவராக அதில் நடித்தவர் விஜயசந்தர். 'இயேசு' படத்தில் நடித்தவரோ பிரையன் டீக்கன் என்னும் ஆங்கிலேயர். ஒன்றில் ஆந்திர முகம், மற்றதில் ஆங்கில முகம். லூக்காவோ ஆண்டவருடைய உயரத்தையும் எழுதவில்லை, நிறத்தையும் எழுதவில்லை. ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சென்ற தபசு நாட்களில் ஒரு சனிக்கிழமை இரவு, பீன்யாவில் ஒரு சகோதரனுடைய வாடகை வீட்டில் இந்தப் படத்தைப் பார்க்கக் கூடினோம். லேத் பட்டறையில் வேலை செய்கிறவர்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற சகோதரிகள், பிள்ளைகள் என்று பதினோரு பேர் இருந்தோம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த, ஆண்டவரை இன்னும் அறியாத ஒரு வாலிபனும் எங்களோடு இருந்தான். துமகூரு சாலையின் லாரிச் சத்தமும், மேலே கடந்துபோகும் மெட்ரோ ரயிலின் சத்தமும் அவ்வப்போது வசனங்களை விழுங்கின. அதனால் குறையொன்றுமில்லை. வசனம் எங்களுக்கு மனப்பாடம். காட்டத்தி மரத்தில் சகேயு ஏறுமுன்னே பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

எங்களில் ஒரு சகோதரன் மாத்திரம் எதற்கோ காத்திருந்தார். அவருடைய சாட்சியை எங்கள் சபையில் அறியாதவர் இல்லை. தூத்துக்குடிச் சீமையிலிருந்து இளவயதில் பெங்களூருக்கு வந்து, வாங்கின சம்பளத்தையெல்லாம் குடித்துத் தீர்த்து, கடைசியில் வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பினவர். தகப்பனார் ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போட்டார். அந்த வாரமே யாரோ கொடுத்த லூக்கா சுவிசேஷத்தில் 15-ம் அதிகாரத்தை வாசித்து, ஆண்டவரை ஏற்றுக்கொண்டார். கெட்ட குமாரனுடைய உவமை லூக்காவில் மாத்திரமே உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். லூக்காவை வைத்து எடுத்த படத்தில் அதை எப்படிக் காட்டுவார்கள் என்பதே அவருடைய ஆவல். சிறுவயதில் மந்தையில் பார்த்தது நினைவில் இல்லை.

சிலுவைக் காட்சி வந்தது, உயிர்த்தெழுதல் வந்தது, படமும் முடிந்தது. கெட்ட குமாரன் வரவில்லை.

"அண்ணே, என் அதிகாரத்தை விட்டுவிட்டார்களே!" என்று அவர் என்னிடம் ஆதங்கப்பட்டார். 24 அதிகாரங்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் எதையாகிலும் விடத்தானே வேண்டும் என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அது இல்லாமல் லூக்கா ஏது?" என்று தம்முடைய பழைய வேதாகமத்தை எடுத்து, அந்த வாலிபனுக்காக உவமையைச் சத்தமாய் வாசித்தார். தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. விருந்து தொடங்கும் 24-ம் வசனத்தில் புத்தகத்தை மூடினார்.

அந்த வாலிபனோ, அடுத்த பக்கத்திலும் அந்தக் கதை இருக்கிறதே என்றான். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான். சகோதரன் மறுபடியும் திறந்து, மீதியிருந்த எட்டு வசனங்களை வாசித்தார். வயலிலிருந்து வருகிற மூத்த மகன் கோபங்கொண்டு வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார்.

"சரி, மூத்தவன் வீட்டுக்குள்ளே போனானா?" என்று வாலிபன் கேட்டான்.

பிரியமானவர்களே, எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்ட எங்களுக்கு அந்தக் கேள்வி புதிதாயிருந்தது. ஆண்டவர் அதற்கு விடை சொல்லாமலே உவமையை முடித்துவிட்டார். நாங்கள் ஆளுக்கொன்று பேசினோம். அந்தச் சகோதரன் மாத்திரம் பேசவில்லை.

பதினொரு மணிக்கு மேல் அவரோடு தெருமுனை வரைக்கும் நடந்தேன். அப்பொழுது அவரே வாய் திறந்தார். தகப்பனார் இறந்தபின் அவருடைய தம்பி குடும்ப நிலத்தை அடகு வைத்துப் பணத்தைத் தொலைத்துவிட்டானாம். அவனோடு பேசி மூன்று வருஷங்கள் ஆயிற்றாம். "இத்தனை காலமும் நான் இளைய மகன் என்றே சாட்சி சொன்னேன், அண்ணே. ஒவ்வொரு தரமும் 24-ம் வசனத்தோடு மூடிவிடுவேன். அதற்குமேல் வாசித்தால் என் பெயர் இருக்கும்" என்றார்.

நான் அவருக்கு ஒன்றும் போதிக்கவில்லை. என்னுடைய வேதாகமத்திலும் அடிக்கோடிட்ட இடங்கள் உண்டு. அவற்றுக்கு அடுத்த வரிகள் பலவற்றில் பேனா பட்டதேயில்லை.

படம் எடுத்தவர் ஒரு அதிகாரத்தை விட்டுவிட்டால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். நேசித்த புத்தகத்தைப் படமாய்ப் பார்க்கிற எவருக்கும் அந்த ஆதங்கம் வரும். அது நியாயமானதுதான். ஆனால் அனுதினமும் காலையில் வாசிக்கும்போது, வாக்குத்தத்தத்தை வைத்துக்கொண்டு கட்டளையைத் தள்ளுகிறோம். ஆறுதலை வைத்துக்கொண்டு கண்டிப்பைக் கடந்துபோகிறோம். நமக்குள்ளும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதன் சத்தம் நமக்குக் கேட்பதில்லை.

ஆகையால், அருமையானவர்களே, இந்தப் படத்தைப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத உங்கள் தாயாருக்குக் காட்டுங்கள், உடன் வேலை செய்கிறவர்களை அழைத்துக் காட்டுங்கள். ஆனால் படம் முடிந்தவுடன் எழுந்து போய்விடாதிருங்கள். லூக்காவைத் திறந்து, படத்தில் வராத ஒரு பகுதியைக் கடைசி வசனம் வரைக்கும் வாசியுங்கள். புதிதாய்க் கேட்கிற ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நாம் கேட்க மறந்ததை அவர் கேட்பார்.

இதை எழுதுகிற நாள் வரையில் அந்தச் சகோதரன் தம்பியோடு பேசவில்லை. இரண்டு தரம் எண்ணை எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். தகப்பன் இன்னும் வெளியே நின்று அவரை அழைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு எண் இருக்குமானால், அதற்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர்தாமே நம்மை வீட்டுக்குள் நடத்துவாராக. ஆமென்.