கல்லுக்குப் பெயர் வைத்த ஊர்

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு காணொளி காட்டினார். இரண்டு ஆள் உயரப் பாறை ஒன்றில் ஒரு பையன் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறுகிறான், விழுகிறான், மறுபடி ஏறுகிறான். "வேலையத்த பசங்க" என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தோம், நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்தக் காரியத்தை ஒரு திருவிழாவாகவே நேரில் பார்த்துவிட்டு வந்தவன் நான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் லியோனில் இருக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். மே மாதம். இங்கே கத்திரி வெயில் தொடங்கும் நேரம், அங்கே மலையில் பனி உருகும் நேரம். பேரன், "தாத்தா, இத்தாலியில கல்லு ஏறுற திருவிழா, வர்றீங்களா?" என்றான். கிரிவலம் மாதிரி ஏதோ என்று நினைத்துக் கிளம்பினேன். மோன் பிளான் சுரங்கப்பாதை வழியாக ஆல்ப்ஸைக் கடந்து, மிலானைத் தாண்டி, கோமோ ஏரியை ஒட்டிப் போய், அதன் பிறகு குறுகலான மலைப்பாதையில் ஏறினோம். போய்ச் சேர்ந்த இடம் சான் மார்த்தினோ. மாசினோ பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன கிராமம். ஒரு மாதா கோவில் கோபுரம், நாலைந்து விடுதிகள், சுற்றிலும் புல்வெளி. புல்வெளி நெடுக யானை யானையாகக் கிரானைட் பாறைகள்.

இந்தப் பாறைகளுக்கெல்லாம் தாய், மேலே நிற்கும் மலைச் சுவர்கள். அந்தக் கிரானைட் சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் கிடந்து இறுகியது. பின்னால் பனியாறுகள் அரித்து, சுவர்கள் பிளந்து, துண்டுகள் பள்ளத்தாக்கில் உருண்டு நின்றுவிட்டன. ஊருக்குக் கொஞ்சம் கீழே, சாலை ஓரத்தில் சாஸ்ஸோ ரெமென்னோ என்று ஒரு தனிப் பாறை இருக்கிறது. 'சாஸ்ஸோ' என்றால் கல். பல மாடி உயரம். அதன் அடியில் நின்ற கார்கள் பொம்மைகள் போலத் தெரிந்தன.

திருவிழாவின் பெயர் மெல்லோப்ளோக்கோ. 2004-ல் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகிறார்கள். கயிறு கிடையாது. அடியில் ஒரு தடித்த மெத்தை, காலில் இறுக்கமான ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை வெள்ளைப் பொடி, வியர்வையை உறிஞ்சுவதற்கு. ஏறும் உயரம் பெரும்பாலும் நாலைந்து மீட்டர்தான். அந்த நாலைந்து மீட்டருக்கு ஒரு நாள் முழுக்கப் போராடுகிறார்கள்.

இதில் நான் பேரனுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கல் ஏறும் இந்த விளையாட்டு ஊன்றி வளர்ந்த இடம் பாரீஸுக்குத் தெற்கே உள்ள ஃபோந்தேன்ப்ளோ காடு. பள்ளியில் அந்த ஊரை அரண்மனைக்காகவும், நெப்போலியன் தன் காவல்படையிடம் விடைபெற்றதற்காகவும் படித்திருக்கிறோம். அதே காட்டில்தான் பியேர் அலேன் போன்றவர்கள் 1930-களில் பாறை ஏறிப் பழகினார்கள். பாறையில் வழுக்காத ரப்பர் அடி வைத்த செருப்பை உருவாக்கியவரும் அவரே. இன்றைக்கும் ஒரு பாறை எவ்வளவு கஷ்டம் என்பதை அந்தக் காட்டில் பிறந்த எண்களால்தான் உலகில் பல நாடுகளில் குறிக்கிறார்கள்.

இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன். என்னைக் கவர்ந்தது ஏறியவர்களை விடக் கீழே நின்றவர்கள்தான். ஒரு பெண் முப்பது தடவையாவது விழுந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத நாலு பேர் அவளைத் தாங்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது கத்தின சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. திறமைசாலிகளுக்கென்று சில கடினமான பாறைகளைக் குறித்துப் பரிசுப் பணமும் வைப்பதுண்டு என்றான் பேரன். ஆனால் முதலில் ஏறியவருக்கு மட்டும் கிடையாது. ஏறி முடித்த எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சீனியாரிட்டி பட்டியலிலேயே ஆயுளைக் கழித்த எனக்கு இது விசித்திரமாக இருந்தது.

பேரன் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தான். பள்ளத்தாக்கின் பாறைகளுக்கு ஒரு முகவரிப் புத்தகம் மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர். அந்தக் கல்லில் ஏறும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு பெயர். 1970-களில் பக்கத்து சொந்த்ரியோ நகரத்துப் பிள்ளைகள், பெரிய சிகரங்களை விட்டுவிட்டு இந்தக் கற்களில் ஏற ஆரம்பித்தார்களாம். அவர்களை 'சாஸ்ஸிஸ்தி' என்பார்கள், கல்லுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு மலைச் சுவரில் 1978-ல் ஏறிய பாதைக்கு லூனா நஷெந்தே என்று பெயர். உதயமாகும் நிலா என்று அர்த்தம். கல்லுக்கு இப்படிப் பெயர் வைக்க யாருக்குத் தோன்றும்!

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேலையில் பல வருடம் என் மேஜைக்கு வந்ததெல்லாம் கட்டட வேலை பில்கள். ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, இத்தனை கன மீட்டர். எம் புக்கில் உள்ள கணக்கும் பில்லில் உள்ள கணக்கும் ஒத்துப்போனால் என் சுருக்கெழுத்து விழும். ஒரு கணக்கும் தப்பியதில்லை. அதே வருடங்களில் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம், செஞ்சி போகும் வழியில் ஒரு குன்றைப் பார்ப்பேன். உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உருண்டைப் பாறைகள். அடுப்புக் கல் மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. ஒரு வருடம் பாறை இரண்டாக இருந்தது. பிறகு குன்று பாதியாக இருந்தது. கடைசியில் அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். நான் பாஸ் செய்த ஜல்லியில் அந்தக் குன்றும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பில்லில் குன்றின் பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

அந்தத் திருவிழாவில் வயலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வாலிபத்தில் ஜெனீவாவில் கட்டட வேலை செய்தவராம், பிரெஞ்சு நன்றாகவே பேசினார். "என் அப்பா இதே கல்லை உடைத்துப் பிழைத்தவர், முசியே. கல் ஒரு தடவைதான் காசு தரும். இந்தப் பிள்ளைகள் வருஷா வருஷம் வருகிறார்கள், கல் அப்படியே இருக்கிறது" என்றார். உடனே குரலை மாற்றிக்கொண்டு, "ஆனால் புல்லை மிதிக்கிறார்கள். அதுதான் மாட்டுக்குக் குளிர்காலத் தீனி. மெத்தையை எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்லக் கூடாது" என்றார்.

அந்தப் பெரியவர் சொன்ன இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். திருவிழா என்றாலே நல்லது என்று சொல்ல வரவில்லை. கூட்டம் அளவு மீறினால் அதுவும் ஒரு குவாரிதான்: புல் போகும், ஓடை கெடும், வாடகை ஏறி உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியேற வேண்டி வரும். மெல்லோ பள்ளத்தாக்கு 2009 முதல் இயற்கைக் காப்பகம். அப்படி ஒரு வரம்பு இருப்பதால்தான் விழாவும் தாங்குகிறது. வரம்பு போடும் உரிமை அங்கே புல் அறுக்கிறவர்களிடம் இருக்கும் வரை இப்படிப்பட்ட விழா ஓர் ஊருக்கு வரவுதான்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். புதுவையில் மலை கிடையாது. நம் வீடுகள் எல்லாம் பக்கத்து மாவட்டத்து மலைகள். என் வீட்டுத் தளமும் அதே ஜல்லிதான், எனவே கல்லே உடைக்கக் கூடாது என்று நான் உபதேசம் செய்ய முடியாது. ஆனால் எந்தக் குன்று தப்பியது என்று பாருங்கள். செஞ்சிக் கோட்டை மலைகள் நிற்கின்றன. அவற்றுக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு, 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. பக்கத்திலேயே திருநாதர்குன்றின் பெரும்பாறை நிற்கிறது, அதில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிவைத்தார்கள். கோவில் இருக்கும் குன்று நிற்கிறது. பெயரில்லாத குன்றுக்கு சர்வே நம்பர் மட்டும்தான் உண்டு. அதுதான் முதலில் போகிறது.

ஆகவே அந்த 'வேலையத்த பசங்க' செய்கிற வேலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு கல்லை ஒருவன் நாள் முழுக்கத் தடவிப் பார்த்து, அதற்குப் பெயர் வைத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டால், அதைக் கேட்க ஓர் ஆள் உண்டு என்றாகிவிடுகிறது. அதற்கு எல்லோரும் பாறை ஏற வேண்டியதில்லை. ஆடு மேய்த்தவர்களுக்கு ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு பெயர் தெரியும். அதைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். மே முதல் தேதி கூடும் கிராம சபையில் அந்தப் பட்டியலை வைத்துத் தீர்மானம் போடலாம். தீர்மானம் எல்லா லாரியையும் நிறுத்திவிடாது. ஆனால் ஃபைலில் ஒரு பெயர் ஏறும். சர்வே நம்பர் மட்டும் உள்ள ஃபைல் எவ்வளவு சுலபமாக நகரும், பெயர் உள்ள ஃபைல் எப்படி நாலு மேஜையில் நின்று நின்று போகும் என்று எனக்குத் தெரியும். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

நாளைக் காலை நடையில் நண்பரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும். என் மனைவி இப்போது இல்லை. அவள் சொன்ன 'அடுப்புக்கல் குன்று' என்ற பெயரை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு குன்று தெரிந்திருந்தால், அது இருக்கும்போதே பெயரை எழுதி வையுங்கள்.